கணிப்பொறிக்கு வயது சொன்ன பெண்கள்

1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை முற்பகலில், ரிங்லெட் ஊருக்கு மேலேயுள்ள வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் நிறுவைக் கொட்டகையில், அம்சவல்லி எடுத்துவந்த கொழுந்தை நிறுக்க மறுத்தார்கள். கொழுந்தில் முற்றல் இல்லை. கூடையின் அடியில் கல் இல்லை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவள் பிந்தி வந்தவளும் அல்லள். முப்பத்தாறு வயதில் முழுப் பலத்தோடு மலையேறி இறங்கும் ஒருத்தியை, வயது கடந்துவிட்டது, இனி உனக்கு வேலையில்லை என்று ஒரு தாள் ஒதுக்கிவைத்தது. இது அநியாயம். அவளோடு சேர்த்து நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்களை அதே தாள் ஒரே காலையில் கிழவிகளாக்கிற்று. இது அதைவிடப் பெரிய அநியாயம். அந்தத் தாளை அச்சிட்டு அனுப்பியவன் அவளுடைய கணவன் கந்தசாமி.

கந்தசாமி தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். கவாத்து வெட்டிய தகப்பனுக்கும் கொழுந்து எடுத்த தாய்க்கும் ஒரே மகன். தானா ராத்தாவில் ஐந்தாம் படிவம்வரை படித்து, அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, பத்தாண்டுகளில் கணக்கெழுதும் கிராணியின் மேசைக்கு வந்தவன். லயத்திலிருந்து அந்த மேசைக்குப் போன முதல் ஆள் அவனே. மேசை கிடைத்ததேயன்றிக் கிராணிமார் குடியிருக்கும் வீடு இன்னும் கிடைக்கவில்லை. பழைய லயத்து வீட்டிலேயே இருந்தான். மனைவி இன்னும் கூடை சுமந்தாள். பெரிய கிராணி வேலப்பன் அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் கம்பெனி ஒரு முடிவு எடுத்தது. அதுவரை தோட்டத்தில் ஐந்து புத்தகங்கள் இருந்தன: பெரட்டுக்கு ஒன்று, நிறுவைக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. ஐந்தும் ஐந்து உண்மைகளைச் சொல்லும். காட்டில் நிறுத்த கொழுந்து தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது வேறு கணக்காகியிருக்கும். முந்தைய ஆண்டு அடைமழைக்குப் பின், வாட்டும் தட்டுகள் நிறையக் கொழுந்து கிடக்கையில் அடுப்புக்கு விறகில்லாமல் போயிற்று. ஸ்டோர்ப் புத்தகத்தைப் புரட்டினால் விறகு மலைபோல இருந்தது. கொட்டகையில் போய்ப் பார்த்தால் பட்டைத்தூளும் எலிப்புழுக்கையும் மட்டுமே இருந்தன. அன்று கெட்டுப்போன தேயிலையை லெம்பா பெர்த்தாமிலிருந்து வந்த காய்கறித் தோட்டக்காரர்கள் உரத்துக்கு அள்ளிப் போனார்கள்.

ஆகவே ஐந்து புத்தகங்களுக்கும் பதிலாக ஒரே கணிப்பொறி. காலையில் யார் வேலைக்கு வந்தார் என்று ஒருமுறை எழுதினால் போதும். அவருடைய நிறுவையும், தொழிற்சாலைக்கு வரும் கொழுந்தும், அதற்கு வேண்டிய விறகும், அடைக்கப்படும் பெட்டியும், மாத இறுதியில் சம்பளமும் ஒன்றன்பின் ஒன்றாக அதிலிருந்தே பிறக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுக்கக் கோலாலம்பூரிலிருந்து லியோங் என்ற ஈப்போக்காரர் வந்தார். குளிருக்கு இரண்டு சட்டை போட்டுக்கொண்டு, மலாயிலும் அரைகுறைத் தமிழிலும் பேசி, எல்லாரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டே திரிந்தார். மலைப்பனியில் கணிப்பொறியின் நெகிழ்தட்டுகள் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு பல்பை எரியவிட்டார். அவருக்குத் துணையாக யார் வருகிறீர்கள் என்று தோட்ட நிர்வாகியான துரை கேட்டபோது வேலப்பன் ஜன்னலைப் பார்த்தார். கந்தசாமி கையைத் தூக்கினான்.

துரை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார். இந்த ஏற்பாடு நிலைத்துவிட்டால் கணக்குப் பிரிவு கந்தசாமியுடையது. கிராணி வீடும் அவனுடையது. தோற்றால் கணக்கு வேலை முழுவதும் கோலாலம்பூருக்குப் போய்விடும். அவன் மறுபடி வெளிக்காட்டு வேலைக்குப் போகவேண்டியதுதான். நாற்பதை நெருங்கும் வயதில், தகப்பன் வைத்த கவாத்துக் கத்தியை அவன் எடுக்கவேண்டும்.

ஆறு மாதம் புத்தகமும் கணிப்பொறியும் இணையாக ஓடின. பதினான்காம் தேதி பெரட்டைப் பழைய புத்தகத்தில்தான் வாசித்தார்கள்; ஆனால் அன்றுதான், நிறுவைக் கொட்டகைக்குப் புத்தகம் போகாமல் கணிப்பொறித் தாள் தனியாகப் போன முதல் நாள். தாளில் உள்ள எண்ணுக்கு மட்டுமே நிறுக்கவேண்டும் என்பது கட்டளை.

கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் நின்ற கங்காணி கருப்பையா, தாளைக் கண்ணுக்கு நெருக்கமாகவும் தூரமாகவும் வைத்துப் பார்த்தார்.

“நாப்பத்தாறு இருக்கு, நாப்பத்தெட்டு இருக்கு. நடுவுல ஒன்னையக் காணோம் வள்ளி.”

“நல்லாப் பாருங்கண்ணே. நேத்து இருந்தவ இன்னிக்கு எங்க போயிருவேன்?”

“தாளுல இல்லாத கொழுந்தத் தட்டுல வைக்கக் கூடாதுன்னு ஓர்டர்லா. போட்டது யாரு? ஒன் வூட்டுக்காரரு.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அடுத்து வந்த சாரதாவின் எண்ணும் இல்லை என்றதும் சிரிப்புக் குறைந்தது. கல்யாணமாகி வந்து ஆறு மாதமே ஆன ஜெயாவின் எண்ணும் இல்லை என்றதும் சிரிப்பு நின்றது. லோரி ஓட்டும் முனியாண்டி வந்தான். சீட்டில் இல்லாத கொழுந்தை ஏற்றினால் தன் வேலை போய்விடும் என்று சொல்லி, பாதி லோரியோடு புறப்பட்டுப் போனான். நிறுக்காத கொழுந்து சாக்குகளில் அமுங்கிக் கிடந்தது. சற்று நேரத்தில் அம்சவல்லி ஒரு சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அடைகாக்கும் கோழியின் வயிறுபோலச் சுட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இலை சிவந்துவிடும். சிவந்த இலையை எந்தத் தொழிற்சாலையும் பச்சையாக்க முடியாது. அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அலுவலகத்தை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள்.

அலுவலக ஜன்னலில் மனைவியின் முகத்தைக் கண்டதும் கந்தசாமிக்கு முதலில் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே தோன்றிற்று. அவள் முகத்துக்குப் பின்னால் இன்னும் பல முகங்கள் இருந்தன. வேலப்பன் எழுந்து கதவை அகலத் திறந்தார். அவருக்கு அது திருநாள்.

“வாங்கம்மா, வாங்க. கம்ப்யூட்டரு ஒங்க எல்லாத்துக்கும் ரெஸ்டு குடுத்துருச்சாம். இனிமே வூட்டுல குந்திக்கிட்டு ரேடியோ கேளுங்க.” பிறகு கந்தசாமியின் பக்கம் திரும்பினார். “தம்பி, முப்பது வருசமா என் புத்தகத்துல ஒரு பொம்பளகூட ஒரே ராத்திரியில கெழவி ஆனதில்ல.”

லியோங் நாற்பத்தேழாம் எண்ணைத் தட்டினார். பச்சை எழுத்துகள் திரையில் வந்தன. பெயர்: அம்சவல்லி. பிறந்த ஆண்டு: 1922. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவரை மறுநாள் தாளிலிருந்து தானே நீக்கிவிடும்படி முந்தைய நாள்தான் கணிப்பொறிக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது சொன்னதைச் செய்தது.

1922 என்ற எண்ணைக் கந்தசாமி பார்த்துக்கொண்டே நின்றான். அது அவனுடைய தாய் மணியம்மா பிறந்த ஆண்டு.

வெள்ளைப்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று இருக்கும். அதைக் கூடையின் வாரில் கட்டியிருப்பாள். ஒவ்வோர் எண்ணுக்கும் மலையில் சொந்தமாகத் தேயிலைச் செடிகளின் நிரை ஒன்று உண்டு. பாதையோரத்து நிரை வாய்த்தவள் கொடுத்துவைத்தவள். பள்ளத்து நிரை வாய்த்தவள் நிறைந்த கூடையோடு செங்குத்தாக ஏறவேண்டியவள். வேலையை விடும் பெண் தன் வில்லையை அலுவலகத்தில் ஒப்படைப்பதில்லை. மருமகள் முதல்நாள் காட்டுக்குப் போகும் காலையில் அவளுடைய கூடையில் மஞ்சள் கயிற்றால் அதைக் கட்டிவிடுவாள். வில்லையோடு நிரையும் போகும். நகை போடமுடியாத மாமியார்கள் நிரையைக் கொடுத்தார்கள். துரைமார் மாறினார்கள், கம்பெனி கைமாறிற்று, இந்த வழக்கம் மாறவில்லை. பெரட்டில் கிராணிமார் எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். எண்ணுக்கு யாரோ ஒருத்தி குரல் கொடுத்தால் போதும்.

கணிப்பொறிக்கு விவரம் ஏற்றியபோது, இப்போதைய பெயர்களைச் செக்ரோல் என்னும் சம்பளப் பட்டியலிலிருந்தும், பிறந்த ஆண்டுகளை எண் முதன்முதலில் வழங்கப்பட்டபோது எழுதிய பழைய அட்டைகளிலிருந்தும் கந்தசாமி எடுத்திருந்தான். இரண்டையும் எண்ணைக் கொண்டே இணைத்தான். இப்படியாக நாற்பதுக்கும் மேற்பட்ட மருமகள்கள் தத்தம் மாமியாரின் வயதை அடைந்தார்கள்.

துரை வந்தார். அன்றைய கொழுந்தையும் சனிக்கிழமைவரை எடுப்பதையும் பழைய புத்தகத்தைப் பார்த்து நிறுக்கச் சொன்னார். கெட்டதுபோகக் கிடைத்ததை லோரி எடுத்துப் போயிற்று. பிறகு அவர் லியோங்கையும் கந்தசாமியையும் நிற்கவைத்து, திங்கட்கிழமைப் பெரட்டுக்கு எல்லாரும் உள்ள தாள் வரவேண்டும் என்றார். வராவிட்டால் இயந்திரத்தை அதே லோரியில் ஏற்றிவிடலாம் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அதனால் அது உண்மை என்று இருவருக்கும் தெரிந்தது.

அன்று மாலை தூறல் விடவில்லை. லயத்து வீட்டில் அம்சவல்லி சோறும் கோஸ் பொரியலும் நெத்திலிச் சம்பலும் எடுத்துவைத்து, “சாப்புடுங்க” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். கணவன் சாப்பிட்டு முடிக்கும்வரை ஈரக் கூடையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்தாள்.

“ஜெயாவுக்கு எத்தன வயசு போட்டிருக்கு?” என்று கடைசியில் கேட்டாள்.

“எம்பத்தொன்னு.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அது அவ மாமியாவோட மாமியா காலத்து நம்பரு. அவ புருசன் சாய்ந்தரத்துலேருந்து அவளப் பாட்டின்னு கூப்புடுறானாம். அவ அடுப்புக் கட்டைய எடுத்துக்கிட்டு வெரட்டுறாளாம்.”

கந்தசாமிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். “எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி வள்ளி. எனக்குந் தெரியும். எங்கம்மா ஒன் கூடையில வில்லையக் கட்டுனப்ப நான் பக்கத்துலதான நின்னேன்.”

“தெரிஞ்சிருந்தும் மெஷினுக்கு ஏன் சொல்லல?”

“தெரிஞ்சதுனாலதான் சொல்லல. இங்க மழ பெய்யும்னு யாராச்சும் எழுதி வப்பாங்களா?”

லியோங் ஒரு வழி சொல்லியிருக்கிறார் என்று அவன் மெல்லத் தொடங்கினான். ஐந்நூற்றொன்றிலிருந்து எல்லாருக்கும் புது எண் கொடுத்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். பழைய எண்கள் மாமியார்களோடு போய்விடும்.

“குடுங்க. அப்புறம் நிரைய யாருக்குக் குடுப்பீங்க?” அவள் துணியைக் கீழே வைத்தாள். “நாப்பத்தேழுன்னா பாதையோரத்து நிர. ஒங்கம்மா பள்ளத்துலேருந்து ஏறி ஏறி முட்டி தேஞ்சு, அப்புறமா கேட்டு வாங்குன நிர. ஐநூத்தி ஒன்னுக்கு மலையில எங்க எடம் இருக்கு? யாருக்கு வேண்டியவங்களோ அவங்களுக்குப் பாதையோரம். மத்தவளுக்குப் பள்ளம். சண்ட போட்டே சாவோம்லா.”

“அப்ப என்னதான் செய்யச் சொல்ற? திங்கக்கெழம மெஷின லோரியில ஏத்துவாங்க. கூடவே என்னையும்.”

“நான் மெஷின வேணாம்னு சொல்லல. போன வருசம் வெறகில்லாம அம்புட்டுக் கொழுந்தும் வீணாப் போச்சே, அது யாரு எடுத்தது? நாங்க எடுத்தது. மெஷினு வரட்டும். ஆனா நம்பரு நிரையோடது, வயசு என்னோடது. ரெண்டையும் ஒரே சாக்குல கட்டுனது நீங்க. அவுத்து வேற வேறயாக் கட்டுங்க.”

கந்தசாமி தட்டில் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தான். ஆறு மாதமாக லியோங் அவனிடம் கேட்ட நூறு கேள்விகளுக்கும் அவன் சரியாகப் பதில் சொல்லியிருந்தான். எண் யாருடையது என்ற ஒரு கேள்வியை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் அதை லியோங்கிடம் சொன்னான். எண் நிரையைக் குறிக்கட்டும். அதற்குள் முதலாம் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள் என்று வரிசை வைப்போம். வயதும் சேமநிதியும் சம்பளமும் ஆளுக்குச் சேரட்டும். நிரையும் கூடையும் எண்ணோடு இருக்கட்டும். லியோங்கின் முகம் வெளுத்தது. எண்ணை ஆளிடமிருந்து பிரிப்பதென்றால் பெரட்டு, நிறுவை, சம்பளம் மூன்றையும் பிரித்துப் போட்டு மறுபடி தைக்கவேண்டும் என்றார். வெளியே போய்ப் பனியில் நின்று ஒரு சிகரெட்டை முழுதாகக் குடித்தார். திரும்பி வந்தபோது சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

“சுசா,” என்றார். “தாப்பி போலே லா.”

கடினம், ஆனால் முடியும் என்று பொருள். அதற்குப் பிறகு அவரை நாற்காலியிலிருந்து எழுப்ப யாராலும் முடியவில்லை.

அவர் செய்யவேண்டியதைச் செய்தார். ஆனால் புதிய ஏற்பாட்டுக்கு ஒவ்வொரு பெண்ணின் உண்மையான பிறந்த ஆண்டும் வேண்டும். ஒருநாள் கொழுந்தை அவமதித்துவிட்டு மறுநாள் வயதைக் கேட்டால் யார் சொல்வார்கள்? வேலப்பன் சும்மா இருக்கவில்லை. வயதைச் சொன்னவளுக்கு அதோடு வேலை முடிந்தது, கம்பெனி ஆள் குறைக்கப் பார்க்கிறது என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் வருத்தத்தோடு தெரிவித்தார். அவர் பொய் சொல்லவில்லை என்றே அவர் நம்பினார். ஒரே ஆண்டில் தம் ஐந்து புத்தகங்களும் அனாதையானதைக் கண்ட மனிதர் அவர்.

அன்று மாலை அம்சவல்லி கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு லயம் லயமாகப் போனாள். சாரதாவின் வாசலில்தான் பேச்சு நீண்டது.

“மொதல்ல நிறுக்க மாட்டேன்னாங்க,” என்றாள் சாரதா. “இப்ப பொறந்த வருசம் கேக்குறாங்க. நாளைக்குப் பல்லு எத்தனன்னு எண்ணுவாங்க. ஒன் புருசனுக்கு வூடு கெடைக்கணும்னு நாங்க ஏங்க்கா மாட்டிக்கணும்?”

“எம்புருசனுக்கு வூடு கெடைச்சா நீ வந்து டீ குடி. கெடைக்கலன்னா நான் இங்கயே ஒன் பக்கத்துல இருந்துட்டுப் போறேன்.” அம்சவல்லி குடையை மடக்கினாள். “நான் அதுக்கு வரல. இம்புட்டு நாளும் நம்ம கணக்க நம்ம பாக்காதப்ப எழுதுனாங்க. அதான் மாமியா வயசு நம்ம தலையில வந்து ஒக்காந்துச்சு. நாளைக்கு நாம போவோம். நம்ம கண்ணு முன்னாடி தட்டச் சொல்லுவோம். தட்டுனதப் பாக்காம ஒருத்தியும் அந்த எடத்த வுட்டு நகரக் கூடாது.”

“நமக்குப் படிக்கவா தெரியும்?”

“எழுத்து தெரியாது. நம்பரு தெரியும்ல? வில்லைய வருசக்கணக்கா எதப் பாத்துக் கட்டுற?”

சனிக்கிழமை மத்தியானம், அரைநாள் வேலை முடிந்ததும், அலுவலகத் தாழ்வாரம் பெண்களால் நிறைந்தது. சிலர் அடையாளக் கார்டைக் கொண்டுவந்தார்கள். ரோஸ்மேரி தன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பால்மாவுப் பையில் சுற்றி எடுத்துவந்தாள். சாரதாவின் கார்டில் 1938 என்று இருந்தது. அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“இத எழுதுன ஆளு என் மூஞ்சியப் பாத்துப் போட்டான். நான் அன்னிக்குக் காச்சல்ல கெடந்தேன்.”

கார்டில் உள்ளபடிதான் தட்டமுடியும், சட்டம் அப்படி என்று கந்தசாமி விளக்கினான்.

“தட்டிக்குங்க. ஆனா நான் ஒத்துக்கலன்னும் அதுல போடுங்க.”

அதற்கு ஓர் இடம் கணிப்பொறியில் இல்லை என்று லியோங்கிடம் மொழிபெயர்த்துச் சொன்னதும், அவர் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். சாரதா அதை ஏற்றுக்கொண்டாள்.

தட்டத் தொடங்கியதும், முதல் பெயரையும் எண்ணையும் வயதையும் முடித்துக் கந்தசாமி “அடுத்தவங்க” என்றான். முதலில் நின்ற அம்சவல்லி நகரவில்லை.

“காட்டுங்க,” என்றாள்.

“சரியாத்தான் போட்டிருக்கேன் வள்ளி.”

“போன தடவையும் சரியாத்தான் போட்டீங்க.”

வேலப்பன் தம் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். லியோங்குக்குச் சொற்கள் விளங்காவிட்டாலும் பொருள் விளங்கியிருக்கவேண்டும். எழுந்து வந்து, கனத்த அந்தத் திரைப்பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அம்சவல்லி விரலை நீட்டி, தொடாமல், ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தாள். நாற்பத்தேழு. அதை ஒட்டி இரண்டு. கீழே 1950. முதலாம் ஆளின் இடத்தில் 1922 என்ற ஆண்டும் மாமியாரின் பெயரும் இருக்கின்றன என்று கந்தசாமி சொன்னான்.

“அவங்கள எடுத்துறல இல்ல?”

“இல்ல. அவங்க ஒன்னு, நீ ரெண்டு.”

அவள் தலையசைத்துவிட்டு நகர்ந்தாள். அதன்பிறகு அந்தத் திரை கந்தசாமியின் பக்கம் திரும்பவேயில்லை. அவன்தான் கழுத்தை வளைத்துப் பார்த்துத் தட்டவேண்டியிருந்தது. ஒவ்வொருத்தியும் வந்தாள், சொன்னாள், நின்றாள், பார்த்தாள், போனாள். இரண்டு இடங்களில் பெண்களே பிழையைக் கண்டார்கள். கந்தசாமி அங்கேயே திருத்தினான். ஜெயாவின் எண்ணை ஒட்டி மூன்று என்று வந்தது, கீழே 1966.

“பாட்டிக்கு இருவது வயசுதானாம்லா,” என்றாள் சாரதா. தாழ்வாரம் அதிரச் சிரித்தார்கள். ஜெயாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அம்சவல்லி கொண்டுவந்த அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கையிலிருந்து கைக்குப் போயின. லியோங் சம்பலைச் சற்று அதிகமாகத் தொட்டுவிட்டு, வாயை ஊதிக்கொண்டே வேலை செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தாளை அச்சிட்டுப் பார்த்தார்கள். ஒருமுறை சம்பளம் ஆளை விட்டுவிட்டு எண்ணுக்குப் போயிற்று. லியோங் தலையைப் பிடித்துக்கொண்டு அதையும் பிரித்துத் தைத்தார். பிற்பகலில் ரிங்லெட் மாதாகோயிலிலிருந்து திரும்பிய ரோஸ்மேரி, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் கேக்கை நீட்டிவிட்டு, தாளில் தன் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை விடியலில் பெரட்டுக் களத்தைப் பனி மூடியிருந்தது. பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாது. கூடையின் வார்களில் வில்லைகள் உரசும் ஓசை மட்டும் கேட்டது. துரை ஜீப்பிலிருந்து இறங்கி, கம்பளிக் கோட்டுக்குள் கைகளைச் செருகிக்கொண்டு நின்றார். தாளை வாசிக்கும் பொறுப்பு பெரிய கிராணிக்கு உரியது. வேலப்பன் அதை வாங்கினார். மூக்குக்கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்தார். பார்த்தார், மறுபடி துடைத்தார். முப்பது ஆண்டுகளாக அவர் வாசித்த புத்தகத்தில் எண் மட்டுமே இருந்தது. இந்தத் தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு பெயர் இருந்தது.

கந்தசாமி களத்தின் ஓரத்தில் நின்றான்.

வேலப்பன் வாசிக்கத் தொடங்கினார். முதலில் பழக்கம்போல எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு போனார். பனிக்குள்ளிருந்து குரல்கள் வந்தன. பன்னிரண்டு என்றபோது பதில் வரவில்லை. மறுபடி “பன்னெண்டு” என்றார்.

“பேரச் சொல்லிக் கூப்புடுங்க கிராணி,” என்று சாரதாவின் குரல் கேட்டது. “அங்க எழுதியிருக்குல்ல.”

களம் முழுவதும் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கிற்று. வேலப்பன் துரையைப் பார்த்தார். துரை மேலே வாசிக்குமாறு தலையசைத்தார்.

“பன்னெண்டு, சாரதா.”

“இருக்கேன்.”

அதற்குப்பின் அவர் ஒரு பெயரையும் விடவில்லை. ரோஸ்மேரி என்றார், ஜெயா என்றார். தமக்குத் தெரிந்த பெயர்களையே முதன்முதலாகக் கேட்பவர்போல, ஒவ்வொன்றையும் நிறுத்தி வாசித்தார். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நாற்பத்தாறுக்குப் பின் அவர் சற்று நிறுத்தினார்.

“நாப்பத்தேழு, அம்சவல்லி.”

“இருக்கேன்,” என்றாள் அவள். களத்தின் கடைசிவரை கேட்டது.

ஒருத்தியும் விடுபடவில்லை. நிறுவைக் கொட்டகையில் கருப்பையா அன்று தாளைத் தூரமாக வைத்துப் பார்க்கவில்லை. லோரி பாதியோடு போகவில்லை. அம்சவல்லி தன் பாதையோரத்து நிரையில்தான் நின்றாள்; பள்ளத்துக்காரிகள் பள்ளத்தில் நின்று அவளை வழக்கம்போல் வைதார்கள்.

செப்டம்பரில் மழையும் வெயிலும் மாறிமாறி அடித்ததில் கொழுந்து வெடித்துக் கிளம்பிற்று. முந்தைய ஆண்டுகளில் அந்த வாரங்கள் போர்க்களம்போல இருக்கும். தொழிற்சாலை போர்மேன் ஆண்டியப்பன் இன்றைக்கு எவ்வளவு வரும் என்று கத்த, காட்டிலிருந்து யாரும் பதில் சொல்ல முடியாமல் முழிப்பார்கள். அந்த ஆண்டு முதல் நிறுவை முடிந்த கையோடு சீட்டு தொழிற்சாலைக்கு வந்தது. எந்த மலையிலிருந்து எவ்வளவு, அதில் ஈரக் கொழுந்து எவ்வளவு, எத்தனை தட்டுகளை ஒழிக்கவேண்டும், எவ்வளவு விறகை அடுப்பண்டை கொண்டுவரவேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஆண்டியப்பன் கத்துவதற்குக் காரணமின்றித் தவித்தார். அந்தப் பருவத்தில் ஒரு சாக்குக் கொழுந்துகூடச் சிவக்கவில்லை. கியா பார்ம் வரையிலுள்ள மற்றத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாதக் கணக்கு மாதம் முடிந்த மறுநாளே முடிந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த இயக்குநர் திரையின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, இது நிலைக்கும் என்றார்.

வேலப்பன் அக்டோபரில் ஒருநாள், யாரும் கவனிக்காத வேளையில், கந்தசாமியின் மேசையருகே வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“தம்பி, காலிப் பெட்டி எத்தன இருக்குன்னு இதுக்குத் தெரியுமா?”

கந்தசாமி தட்டிக் காட்டினான். அவர் கொட்டகைக்குப் போய்த் தாமே எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாளும் வந்து கேட்டார்.

நவம்பரில் கிராணி வீடு கிடைத்தது. தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே இருந்தது; முன்பக்கம் ஒரு ரோஜாச் செடியும் இருந்தது. கிராணி பெண்டாட்டி இனிக் கூடை தூக்கமாட்டாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கந்தசாமியும் ஓரளவு எதிர்பார்த்தான். குடிபோன மறுநாள் விடியலில் அம்சவல்லி புதுவீட்டுப் படியில் உட்கார்ந்து கூடையின் வாரை இறுக்கிக் கட்டினாள்.

“என்னங்க பாக்குறீங்க? தாளுல என் பேரு இருக்கு. நான் போகலன்னா ஒங்க மெஷினு ஆப்சென்ட் போட்டுரும்லா.”

அவள் பனிக்குள் இறங்கிப் போனாள். அவன் கோப்புகளை எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால், அதே பாதையில், பெரட்டுக் களத்தை நோக்கி நிமிர்ந்து நடந்தான்.

இதைப் படித்து முடித்தவரே, உங்கள் பெயரையும் நீங்கள் பிறந்த ஆண்டையும் எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ தட்டிவைத்திருக்கிறார். நல்லவராகத்தான் இருப்பார், சரியாகத்தான் தட்டியிருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பார். நாளைக் காலையில் எழுந்து அங்கே போங்கள். திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். திருப்பும்வரை, பார்க்கும்வரை, பிழையிருந்தால் அது திருத்தப்படும்வரை, அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.